ஓடும்போது சூடில்லை, ஸ்டாட்டில் நின்றால் முள் ஏறுகிறது: ஹெட் கழற்றத்தான் வேண்டுமா?

விசுவமடு லொறி

அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும்.

14.5 அடி யப்பான் லொறி. 4டி33 இஞ்சின், டேர்போ இல்லை, ஏசி இல்லை. இப்போது சிறுபோக நெல் ஏற்றுகிறேன். புதுக்குடியிருப்புப் பக்கம் ஏற்றிக்கொண்டு ஏ35 றோட்டு வழியாகப் பரந்தனுக்கு முழுப் பாரத்தோடு வரும்போது ஹீட் முள் நடுவுக்குக் கீழேயே நிற்கும், அசையாது. மில் வாசல் வரிசையில் வந்து ஸ்டாட்டில், அதாவது இஞ்சின் ஓடியபடியே, நின்ற பிறகுதான் பிரச்சினை. கொஞ்ச நேரத்தில் முள் மெல்ல ஏறத் தொடங்கும், சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போய்விடும். அக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தால் இறங்கும். காலை எடுத்தால் திரும்ப ஏறும். நெல்லை இறக்கிவிட்டு றோட்டுக்கு வந்து ஓடத் தொடங்கினால் எல்லாம் பழையபடி சரியாகிவிடும்.

றேடியேற்றருக்குப் பக்கத்தில் உள்ள தண்ணீர்ப் போத்தல் நிரம்பி வழிகிறது. ஒயிலில் தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை, வெள்ளைப் புகை இல்லை. பற்றறி பலவீனம் என்பதால் வரிசையில் ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிறுத்தி ஸ்டாட் பண்ணவும் முடியாது.

ஒரு கராஜில் காட்டினேன். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேலே உள்ள இஞ்சின் தலைப்பகுதியை, கழற்ற வேண்டும் என்றார்கள். வயலில் மூடை கிடக்கிறது, அறுவடை முடியும்வரை லொறி நிற்க முடியாது. ஹெட்டைத் திறக்கும் முன் வேறு எதைப் பார்க்கலாம்?

அக்கராயன்

தம்பி, இது ஹெட் காஸ்கட், ஹெட்டுக்கும் இஞ்சின் உடலுக்கும் இடையில் கசியாமல் வைக்கும் தகடு. எங்கட சித்தப்பாவின் லொறிக்கும் இப்படித்தான் போத்தல் வழிந்தது. சிலிண்டர் காஸ் தண்ணீருக்குள் போனால் தண்ணீரைத் தள்ளி வெளியே விடும். தாமதித்தால் ஹெட் வளையும், பிறகு இரட்டைச் செலவு. கராஜ்காரர் சொன்னதைச் செய்யுங்கள்.

முறிகண்டி

முதலில் தேமோஸ்டாட்டை, இஞ்சின் சூடானதும் றேடியேற்றருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் அந்தச் சாமானை, கழற்றி எறியுங்கள். குளிர் நாட்டுக்காரனுக்குச் செய்த சாமான் அது. எங்கட வெயிலுக்கு எதற்கு? கழற்றிவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். செலவும் இல்லை.

மாங்குளம் கராஜ்

ஹெட்டில் கை வைக்க வேண்டாம் தம்பி, பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

டீசல் இஞ்சின் பாரமில்லாமல் ஸ்டாட்டில் நிற்கும்போது எரிக்கும் எண்ணெய் மிகக் கொஞ்சம். பெற்றோல் இஞ்சின் மாதிரிக் காற்றை அடைத்துப் பிடிப்பதும் இல்லை. காற்று முழுதாக உள்ளே போய் வரும், டீசல் மட்டும் கொஞ்சமாக விழும். அதனால் நல்ல நிலையில் உள்ள ஒரு டீசல் லொறி ஓடிவந்து நின்றால் சூடு இறங்கத்தான் வேண்டும். ஏறுகிறது என்றால் அந்தக் கொஞ்சச் சூட்டைக்கூட வெளியே தள்ள வழியில்லாமல் நிற்கிறது.

அடுத்தது, முழுப் பாரத்தோடு ஏ35இல் வரும்போது முள் அசையவில்லை என்கிறீர்கள். இஞ்சின் மிக அதிகம் சூட்டைத் தருவது அப்போதுதான். காஸ்கட் போயிருந்தால் அங்கேதான் முதலில் காட்டும், ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவது பாரம் இழுக்கும்போது. றேடியேற்றர்க் குழாய்கள் உள்ளே முழுக்க அடைத்திருந்தாலும் அங்கேதான் காட்டும். உங்கள் லொறி அங்கே தேறிவிட்டது, நிற்கும்போதுதான் தோற்கிறது.

ஓடுவதற்கும் நிற்பதற்கும் என்ன வித்தியாசம்? ஓடும்போது காற்று தானாக வந்து றேடியேற்றரில் அடிக்கும். நின்றால் ஃபான் இழுக்கும் காற்று மட்டும்தான். அக்சிலேட்டரை மிதித்தால் இறங்குவதும் அதையே சொல்கிறது, ஃபானும் வோட்டர் பம்ப்பும் வேகம் கூடுகின்றன. ஆகவே முதலில் காற்று, இரண்டாவது பம்ப், காஸ்கட் கடைசி.

எனக்குச் சில விபரம் தேவை. ஃபான் நேரடியாகப் பூட்டியதா, சூட்டுக்கு ஏற்றபடி ஃபானைப் பிடித்து விடும் கிளச் உள்ளதா? ஃபான் பெல்ட் எப்படி இருக்கிறது, உட்புறம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதா? ஃபானைச் சுற்றிக் கவர் முழுதாக இருக்கிறதா? றேடியேற்றரை எப்போதாவது வெளியே எடுத்துத் திருத்தினீர்களா? என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? மில் வாசலில் லொறியின் மூக்கு எந்தத் திசைக்கு நிற்கிறது?

விசுவமடு லொறி

நன்றி அண்ணை. கிளச் ஃபான். பெல்ட் புதிது, சரியான இறுக்கத்தில் இருக்கிறது. றேடியேற்றர் ஒழுகியதால் போன காலபோகத்துக்கு முன்னர் கழற்றி, உள் கூட்டை மாற்றிப் பூட்டித் தந்தார்கள். அப்போது தடித்த கூடு, நாலு வரிசைக் குழாய் போட்டதாகச் சொன்னார்கள். ஊற்றுவது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். கவரைப் பற்றி கபினைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

திசையை ஏன் கேட்கிறீர்கள் என்று விளங்கவில்லை. வரிசை கிழக்குப் பார்த்து நிற்கும்.

மாங்குளம் கராஜ்

இது கச்சான் காற்று வீசும் காலம். தென்மேற்கில் இருந்து வரும் காற்று உங்கள் லொறிக்குப் பின்பக்கமாக அடிக்கும். ஃபான் முன்னால் இருந்து பின்னால் இழுக்கப் பார்க்கும், காற்று பின்னால் இருந்து முன்னால் தள்ளும். இஞ்சின் பக்கம் வந்த சூட்டுக் காற்றே கீழால் சுற்றி மறுபடி முன்னுக்கு வரும். நல்ல லொறி இதைத் தாங்கும். ஏற்கெனவே மூச்சு முட்டுகிற லொறிக்கு இதுவே போதும். காலபோக அறுவடையில், மாசி மாதத்தில், இதே வரிசையில் இவ்வளவு ஏறியிருக்காது என்று நினைக்கிறேன். சரியா?

விசுவமடு லொறி

சரிதான். அப்போது கொஞ்சம் ஏறும், இந்த அளவுக்கு இல்லை.

வவுனியா எலக்ட்ரிக்

மெக்கானிக் அண்ணை சொல்வது சரி. ஆனால் எதையும் கழற்றும் முன் முள் உண்மை சொல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பற்றறி பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏர்த் வயர் தளர்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால் ஹீட் கேஜ் பொய் சொல்லும். ஸ்டாட்டில் நிற்கும்போது ஹெட்லைட்டைப் போடுங்கள். போட்ட உடனே முள் துள்ளினால் அது சூடு இல்லை, ஏர்த். இஞ்சினில் இருந்து சேஸிக்குப் போகும் ஏர்த் பட்டியைக் கழற்றி, சுரண்டி, இறுக்கிப் பூட்டினால் வேலை முடிந்தது. முள் உயரத்தில் நிற்கிறது என்று நல்ல இஞ்சினைத் திறந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பற்றறியையும் பாருங்கள். அது சரியாக இருந்தால் வரிசையில் நிறுத்தி வைக்கலாமே. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் நாங்கள் எல்லோரும் வரிசையில் வாகனத்தைக் கையால் தள்ளித்தானே முன்னுக்குப் போனோம்.

அறிவியல்நகர் மாணவன்

கிளிநொச்சியில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறேன். அண்ணை, சூடு பார்க்கும் துவக்கு ஒன்று கிடைத்தால் இந்த விவாதத்தில் பாதி முடிந்துவிடும். தூரத்தில் இருந்து சிவப்புப் புள்ளியைக் காட்டினால் வெப்பநிலை சொல்லும் கருவி. மில்லில் மோட்டார் பெயாரிங் பார்ப்பதற்கு எலக்ட்ரீஷனிடம் அநேகமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

முள் ஏறி நிற்கும்போது றேடியேற்றரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் குறைத்துச் சொல்லும், றப்பரிலோ கறுப்புப் பெயின்டிலோ காட்டுங்கள். மேல் ஹோஸ் கொதி சூடு, கீழ் ஹோஸ் நன்றாகக் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை. அதாவது பம்ப், தேமோஸ்டாட், அல்லது உள்ளே அடைப்பு. மேலும் கீழும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுத்தான் சூட்டை எடுக்கவில்லை. பிறகு றேடியேற்றர் முகம் முழுக்கத் துவக்கை மெல்ல நகர்த்துங்கள். ஒரு பகுதி மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன.

முறிகண்டி அண்ணை, தேமோஸ்டாட் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. அநேகமான இஞ்சின்களில் தேமோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே திரும்பிச் சுற்றும். சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும். பாரமில்லாமல் ஓடும் நேரங்களில் இஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசலும் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் தேயும். சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள். எந்த வெப்பநிலையில் திறக்கும் என்று அதன் மேலேயே அடித்திருக்கும். 82 என்றால் 82 பாகைக்குக் கிட்டத் திறக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் கொதிக்கும் முன் முழுதாகத் திறந்திருக்க வேண்டும்.

முறிகண்டி

இவ்வளவு காலமும் எங்கட பக்கம் எல்லோரும் கழற்றித்தானே ஓடுகிறார்கள் தம்பி? ஒன்றும் நடக்கவில்லையே.

அறிவியல்நகர் மாணவன்

பைபாஸ் வழி சிறியதாக உள்ள பழைய இஞ்சின்களில் தெரியாமல் போகும் அண்ணை. சில இடங்களில் அந்தத் துளையை ஆப்பு வைத்து அடைத்துவிட்டுத்தான் கழற்றினார்கள். புதிய இஞ்சினில் அப்படிச் செய்ய முடியாது.

விசுவமடு லொறி

மில் எலக்ட்ரீஷன் அண்ணையிடம் துவக்கு இருந்தது. ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன், முள் துள்ளவில்லை. முள் சிவப்புக்குக் கிட்ட நின்றபோது மேல் ஹோஸ் 96, கீழ் ஹோஸ் 91. றேடியேற்றர் முகத்தில் மேலே இருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, திடீர்க் குளிர் எங்கும் இல்லை.

அறிவியல்நகர் மாணவன்

றப்பரின் வெளிப்புறம் 96 என்றால் உள்ளே தண்ணீர் அதைவிடக் கூட, 100ஐத் தொட்டிருக்கும். ஆக முள் பொய் சொல்லவில்லை, உண்மையான சூடு. கீழ் ஹோஸும் 91 என்பதால் தண்ணீர் சுற்றுகிறது. காற்றுத்தான் அண்ணை.

அக்கராயன்

காற்று காற்று என்கிறீர்கள், சரி. போத்தல் ஏன் வழிகிறது? அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. காஸ்கட் மெல்லியதாகக் கசிந்தால் வெள்ளைப் புகையும் வராது, ஒயிலும் கலங்காது. லொறியை இழந்த பிறகு கதைத்துப் பயனில்லை என்ற அக்கறையில்தான் சொல்கிறேன்.

மாங்குளம் கராஜ்

நியாயமான கேள்வி. காஸ்கட்டை ஹெட் கழற்றாமல் சோதிக்கலாம், அதையும் செய்துவிடுவோம்.

விடிய, இஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, திறந்தபடியே ஸ்டாட் பண்ணுங்கள். முதலில் சில குமிழி வரும், அது உள்ளே நின்ற காற்று. நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்து கொப்பளித்துக்கொண்டே இருந்தால், அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினால், காஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. மற்றது, மூடியைப் போட்டுக் குளிர் இஞ்சினை ஸ்டாட் பண்ணி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்னமே ஹோஸ் கல்லாக இறுகினால் அதுவும் காஸ்தான். இரண்டும் இல்லை என்றால் ஹெட்டை மறந்துவிடலாம்.

போத்தல் வழிவதற்கு நான் சந்தேகப்படுவது றேடியேற்றர் மூடியை. அதை ஒரு சாதாரண மூடி என்று நினைக்காதீர்கள். 0.9 பார் மூடி ஒழுங்காக அழுத்தத்தைப் பிடித்தால் தண்ணீர் ஏறக்குறைய 118 பாகையில்தான் கொதிக்கும். உள்ளே உள்ள ஸ்பிரிங் தளர்ந்தால், றப்பர் வெடித்தால், 100இலேயே கொதித்துப் போத்தலுக்குப் போய்விடும். உங்கள் லொறியில் தண்ணீர் 100ஐத் தொடுகிறது, போத்தல் வழிகிறது. கணக்குச் சரியாக வருகிறது.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்க வேண்டாம். சாக்குத் துணி போட்டுத் திறந்தாலும் வேண்டாம். அழுத்தம் விட்ட கணத்தில் உள்ளே உள்ள தண்ணீர் கொதித்து, ஆவியோடு சேர்ந்து முகத்துக்கு வரும். கை முழுக்கத் தோல் உரிந்து வந்த பொடியனை நான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஹோஸை அமுக்கினால் இறுகாமல் மென்மையாக இருக்க வேண்டும், அதன் பிறகுதான் திறப்பது. கொதித்த இஞ்சினுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், நல்ல ஹெட்டும் அந்த இடத்திலேயே வெடிக்கும். நடுவழியில் சூடு ஏறினால் பாரம் இழுப்பதை விட்டு ஓரமாக நின்று, கியரை எடுத்து, ஆர்பிஎம்மைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து இறக்குங்கள். இறங்காவிட்டால் இஞ்சினை நிறுத்துங்கள்.

இனி ஃபான். இஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்துங்கள். சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள், பிறகுதான் கை வைப்பது. ஃபானைக் கையால் சுழற்றினால் பாரமாக, இழுத்துப் பிடிப்பது போல இருக்க வேண்டும். விட்டதும் தானாகப் பல சுற்றுச் சுற்றினால் கிளச்சுக்குள் சிலிக்கன் எண்ணெய் போய்விட்டது. ஃபானின் நடுக் குடத்தைச் சுற்றி எண்ணெய்க் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒரு பழைய சோதனை. ஸ்டாட்டில் விட்டு, முன் கிறிலுக்கு வெளியே ஒரு பத்திரிகைத் தாளைப் பிடியுங்கள். ஃபான் ஒழுங்காக இழுத்தால் தாள் கிறிலோடு ஒட்டி நிற்கும். மேலே, நடுவில், கீழே, இரண்டு ஓரத்திலும் பிடித்துப் பாருங்கள்.

விசுவமடு லொறி

எல்லாம் செய்தேன். காலையில் குமிழி கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. ஹோஸ் இறுகவில்லை. அக்கராயன் அண்ணை, காஸ்கட் இல்லை என்றே நினைக்கிறேன்.

தாள் எங்கேயும் ஒட்டவில்லை. மேல் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது, நடுவிலும் கீழும் கையை விட்டால் நேரே விழுகிறது.

கபினைத் தூக்கிப் பார்த்தேன். மாங்குளத்து அண்ணை கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. ஃபான் கவரின் கீழ்ப் பாதி இல்லை. றேடியேற்றர் திருத்திப் பூட்டியபோது மேல் பாதியை மட்டும் போட்டிருக்கிறார்கள், கீழ்ப் பாதிக்கான போல்ட் துளைகள் வெறுமையாக இருக்கின்றன. சேஸிக்குக் கீழே படுத்துப் பார்த்தால் ஃபான் இலைக்கும் றேடியேற்றருக்கும் இடையில் கை போகிற அளவு வெளி.

அப்புறம் டோர்ச்சை இஞ்சின் பக்கத்தில் பிடித்து முன்னால் இருந்து பார்த்தேன். முன் முகம் துப்புரவாகத்தான் தெரிகிறது, கிழமைக்கு ஒருக்கால் தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம். ஆனால் வெளிச்சம் ஓரங்களில் மட்டும்தான் ஊடே வருகிறது. நடுவில் ஒரு பெரிய வட்டம் இருட்டு. ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தபோது வைக்கோல் தூசும் சப்பி நெல்லும் கிறவல் புழுதியும் சேர்ந்து காய்ந்த கட்டி உதிர்ந்தது. உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் செங்கல் தூள் மாதிரி.

மாங்குளம் கராஜ்

இதுதான் தம்பி. இந்தப் பகுதியில் நெல் ஏற்றும் லொறி, வெட்டு மெசின், உழவு மெசின் எல்லாவற்றுக்கும் நான் காண்பது இதுவே. வயலுக்குள் வெட்டு மெசினுக்குப் பக்கத்தில் ஸ்டாட்டில் நின்றபடி ஏற்றுகிறீர்கள். பறக்கிற வைக்கோல் தூசை உங்கள் ஃபான்தான் இழுத்து எடுக்கிறது. பிறகு முன்பக்கத்தில் இருந்து தண்ணீர் அடித்தால் முகம் வெளுக்கும், தூசு நனைந்து கூட்டின் நடுவுக்குப் போய்ச் சேறாகி நிற்கும். அடுத்த நாள் ஓட்டத்தில் காய்ந்துவிடும். நாலு வரிசைக் கூடு என்பதால் ஆழம் கூட. இரண்டு வரிசைக் கூடாக இருந்தால் இவ்வளவு பிடித்திருக்காது. தடித்த கூடு போட்டால் குளிர்ச்சி கூடும் என்று கடைகளில் சொல்வார்கள். புழுதி நாட்டில் அதன் இடுக்குகளைத் துப்புரவாக வைத்திருந்தால் மட்டும்தான் அது உண்மை.

இன்னொரு கெடுதலும் இருக்கிறது. கிளச் ஃபானின் முன்னால் சுருள் தகடு ஒன்று இருக்கும். றேடியேற்றரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டைப் பார்த்துத்தான் அது கிளச்சைப் பிடிக்க வைக்கும். நடுவில் அடைத்திருந்தால் சூட்டுக் காற்றே அங்கே வராது. இஞ்சின் கொதித்தாலும் ஃபானுக்குத் தகவல் போகாது.

கவர் இல்லாததும் சின்ன விஷயம் இல்லை. ஃபான் எப்போதும் சுலபமான பக்கத்தால்தான் காற்றை எடுக்கும். கவர் இருந்தால் றேடியேற்றர் வழியாக மட்டும் எடுக்கும். இல்லாவிட்டால் கூட்டுக்குள்ளால் இழுக்கச் சிரமப்படாமல், பக்கத்தில் நிற்கும் இஞ்சின் சூட்டையே எடுத்துச் சுற்றும். ஓடும்போது முன்காற்று அதை மறைத்துவிடும், அதனால்தான் இவ்வளவு காலமும் தெரியவில்லை.

கழுவும் முறை: றேடியேற்றரைக் கழற்றி எடுப்பதுதான் நல்லது. முடியாவிட்டால் ஃபானையாவது கழற்றுங்கள். காய்ந்த கட்டியை முதலில் சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீர் தெளித்து ஊற விடுங்கள். அவசரப்பட வேண்டாம், ஊறட்டும். பிறகு இஞ்சின் பக்கத்தில் இருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீர் வேகத்தில், நேராகப் பிடித்து விடுங்கள். சர்விஸ் நிலையத்துப் பிரஷர் துவக்கைக் கிட்டப் பிடித்தால் குழாய்களுக்கு இடையில் உள்ள மெல்லிய தகடுகள் படுத்துவிடும், படுத்த தகட்டுக்குள்ளால் காற்றுப் போகாது. முன்னால் வருகிற தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும். முடிந்ததும் டோர்ச் பிடித்து வெளிச்சம் எல்லா இடத்தாலும் வருகிறதா என்று பாருங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கட கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். இஞ்சினுக்குள்ளும் அதே படைதான். பொருளாதாரத் தடை இருந்த 90களில் இங்கே டீசலே தட்டுப்பாடு, மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய காலம். கூலன்ட்டுக்கு எங்கே போவது? குளத்துத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கிடைத்ததை ஊற்றினோம். 2002இல் ஏ9 கண்டி–யாழ்ப்பாண றோட்டு திறந்து சாமான் வரத் தொடங்கிய பிறகு அந்த இஞ்சின்களைப் பிரித்தபோது தண்ணீர் ஓடும் வழிகள் சுண்ணாம்பால் சுருங்கிக் கிடந்ததைக் கையால் தடவிப் பார்த்தேன். இன்றைக்கு எங்களுக்கு அந்த நிலை இல்லை. பனி உறையாத நாட்டில் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருவையும் படையையும் தடுப்பதற்கு, கொதிநிலையைக் கூட்டுவதற்கு. வெற் லைனர், அதாவது வெளிப்பக்கம் நேரே தண்ணீர் படுகிற சிலிண்டர்க் குழல், உள்ள பெரிய டீசல்களில் லைனரின் வெளிச்சுவர் ஊசி குத்தினது போல அரிபடாமல் காப்பதற்கும் அதுதான். கூலன்ட் பாதி, பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் பாதி. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவும் நல்லது. பச்சையும் சிவப்பும் கலக்க வேண்டாம், சில சேர்மானங்கள் கூழாகிவிடும்.

நெடுங்கேணி பவுசர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். என்னுடையது தண்ணீர்ப் பவுசர். வரட்சிக்குக் கிராமங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறோம். ஓடும்போது சரி. நிறுத்தி வைத்து, இஞ்சின் சக்தியைப் பம்ப்புக்கு எடுத்துக் கொடுக்கும் பிடிஓவில் பம்ப்பைப் போட்டு இறைத்தால் சூடு ஏறுகிறது. புல் விதை போகாமல் முன்னால் நுளம்பு வலை கட்டியிருக்கிறேன். ஃபான் நேரடியாகப் பூட்டியது, கிளச் இல்லை. இதுவும் அதே கதையா?

மாங்குளம் கராஜ்

கிட்டத்தட்ட அதேதான், ஒரு வித்தியாசம். நெல் லொறி சும்மா நிற்கிறது. உங்கள் இஞ்சின் நின்றபடியே வேலை செய்கிறது, ஆகவே சூடு உண்மையிலேயே கூட, முன்காற்றோ இல்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு ஃபானும் கவரும் றேடியேற்றரும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வேண்டும்.

நுளம்பு வலையை முதலில் கழற்றுங்கள். அதன் கண் மிகச் சின்னன், தூசு ஒட்டினால் துணி மாதிரி ஆகிவிடும். வலை வேண்டும் என்றால் அகலக் கண் உள்ள கம்பி வலையைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்து, ஓடும்போது மட்டும் போடுங்கள். இறைக்கும்போது எடுத்துவிடுங்கள். இறைக்கிற இடத்தில் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். ஆர்பிஎம்மை மிகக் குறைத்து வைத்து இறைத்தால் ஃபானும் மெல்லத்தான் சுற்றும், பம்ப்புக்குச் சொல்லப்பட்ட வேகத்தில் விடுங்கள்.

விசுவமடு லொறி

வேலை முடிந்தது, விபரம் எழுதுகிறேன்.

றேடியேற்றரை வெளியே எடுத்து, இரவு முழுக்க ஊற விட்டுக் கழுவினோம். வாளிக்குள் விழுந்த சேற்றில் முழு நெல்மணிகளே இருந்தன, ஒன்றிரண்டு முளை விட்டிருந்தது. ஃபான் கவரின் கீழ்ப் பாதி அந்தக் கடையில் இல்லை என்றார்கள். வவுனியாவில் பழைய சாமான் கடையில் பொருத்தமான ஒன்று கிடைத்தது. மூடியும் புதிது. உள்ளே இருந்ததை வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றினேன்.

பிறகு மில் வரிசையில் வெயிலுக்குள் நிறுத்திப் பார்த்தேன். தாள் இப்போது கிறிலில் ஒட்டி நிற்கிறது, பிய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது, அதற்கு மேல் போகவில்லை. போத்தல் வழியவில்லை. ஆனால் அண்ணை, சூட்டில் நிறுத்திக் கையால் சுழற்றினால் ஃபான் இன்னும் லேசாகத்தான் சுற்றுகிறது. கிளச்சை போல்ட் போட்டு இறுக்கி நேரடி ஃபானாக மாற்றிவிடலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

மாங்குளம் கராஜ்

செய்ய வேண்டாம். கிளச் ஃபானின் இலை எப்போதும் முழு வேகத்தில் சுற்றுவதற்குச் செய்யப்பட்டது இல்லை. பாரத்தோடு உயர்ந்த ஆர்பிஎம்மில் இலை உடைந்து பறந்தால் நீங்கள் இப்போது கழுவிய றேடியேற்றரைத்தான் முதலில் கிழிக்கும். டீசலும் வீணாகும், பம்ப் பெயாரிங்கும் தேயும். கிளச்சை மாற்றுங்கள். அறுவடை முடியும்வரை இப்படியே ஓடலாம், முள்ளில் ஒரு கண் வைத்திருங்கள். பற்றறி வேலையையும் அதோடு சேர்த்து முடித்துவிடுங்கள்.

அக்கராயன்

ஹெட் கழற்றாமல் தப்பியது சந்தோசம் தம்பி. அந்தக் குமிழிச் சோதனையை நானும் குறித்து வைத்துக்கொண்டேன். சித்தப்பாவின் லொறி இப்போதும் போத்தல் வழிகிறது, ஹெட் மாற்றிய பிறகும். மூடியைப் பார்க்கச் சொல்கிறேன்.

நெடுங்கேணி பவுசர்

வலையை எடுத்ததும் நல்ல வித்தியாசம். மூடியும் மாற்றப் போகிறேன். கடையில் 0.9உம் 1.1உம் இருக்கிறது. கூடின அழுத்தம் நல்லதுதானே, 1.1ஐப் போடட்டுமா?

மாங்குளம் கராஜ்

வேண்டாம். பழைய மூடியின் தலையில் என்ன அடித்திருக்கிறதோ அதையே வாங்குங்கள். பழைய றேடியேற்றருக்குக் கூடின அழுத்தம் கொடுத்தால் அதன் மேல், கீழ்த் தொட்டிகளின் ஓரத்தாலோ ஹோஸ் கழுத்தாலோ ஒழுகத் தொடங்கும். எழுத்து அழிந்திருந்தால் பழைய மூடியைக் கையோடு கொண்டுபோங்கள், கழுத்துக்குள் இறங்கும் ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆழம் குறைந்த மூடி பூட்டுப்படும், ஆனால் அழுத்தத்தைப் பிடிக்காது.